ஒரே ஷாட், ஓர் ஊளை, ஒரு புரொஜெக்டர்: மூன்று திகில் டிரெய்லர்கள்

திகில் படத்தின் டிரெய்லர் ஒரு விளம்பரம்தான் என்றாலும், காசு கொடுக்காமல் நாம் முழுதாகப் பார்த்து முடிக்கும் படைப்பும் அதுவே. ஆகவே அதைப் படத்திலிருந்து பிரித்து எடைபோடலாம். இன்று வருபவற்றில் பெரும்பாலானவை ஒரே வாய்பாட்டில் ஓடுகின்றன: அமைதியான குடும்பக் காட்சிகள், வேகம் குறைத்து இழுக்கப்படும் பழைய பாட்டு, திரை இருண்டு ஒலி அறுந்துபோகும் ஒரு கணம், உடனே காதைப் பிளக்கும் சத்தத்தோடு ஒரு முகம். இந்த வாய்பாட்டுக்குக் கட்டுப்படாத இரண்டு பழைய ஹாலிவுட் டிரெய்லர்களையும், அதற்குள்ளேயே நின்று ஓரிடத்தில் அதை மீறிச்செல்லும் புதியது ஒன்றையும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி ஷைனிங்' (1980) டிரெய்லரில் இருப்பது ஒரே ஒரு ஷாட். விடுதிக் கூடம் ஒன்றில் அருகருகே இரண்டு லிஃப்டுகளின் மூடிய சிவப்புக் கதவுகள் தெரிகின்றன. கேமரா சிறிதும் அசையாமல் நிற்க, படத்தில் பணியாற்றியோரின் பெயர்கள் கீழிருந்து மேலாக ஏறிச் செல்கின்றன. வேறெதுவும் நடக்காததாலும், வெண்டி கார்லோஸும் ரேச்சல் எல்கைண்டும் அமைத்த மின்னணு இசை மட்டும் இறுகிக்கொண்டே போவதாலும், பார்ப்பவர் பெயர்களைப் படிப்பதை விட்டுவிட்டுக் கதவுகளையே கண்காணிக்கத் தொடங்குகிறார். பிறகு கதவோரத்திலிருந்து பீறிடும் இரத்தம் மெதுவியக்கத்தில் கூடத்தை நிறைத்து, இருக்கைகளையும் நகர்த்திக்கொண்டு வந்து, கடைசியில் லென்ஸையே மூடிவிடுகிறது.

இதன் வலிமை வெட்டு இல்லாமையில் இருக்கிறது. ஒரு காட்சி தாங்க முடியாததாகும்போது படத்தொகுப்பாளர் அடுத்த ஷாட்டுக்குத் தாவி நமக்கு மூச்சுவிட இடம் கொடுப்பார் என்று, திரைப்படம் பார்த்துப் பழகிய கண் தன்னையறியாமல் எதிர்பார்க்கிறது. குப்ரிக் அந்த வாசலை அடைத்துவிடுகிறார். கேமரா பின்வாங்காததால் வெள்ளத்தின் எதிரே நிற்பவர் நாமே ஆகிறோம். படத்தில் இதே காட்சி துண்டுகளாக, கதையில் வரும் சிறுவனின் முகத்தோடு கலந்து வருகிறது. என் கணிப்பில் அதன் முழு வலுவும் வெளிப்படுவது டிரெய்லரில்தான். டிரெய்லர்களில் இரத்தம் காட்டுவதை ஏற்காத அமெரிக்கத் திரைப்படச் சங்கத்திடம், அது துருப்பிடித்த தண்ணீர் என்று சொல்லி குப்ரிக் அனுமதி வாங்கியதாக ஒரு கதை உலவுகிறது. கேட்டவர்கள் நம்பித்தான் அனுமதித்தார்களா என்பது எனக்கு ஐயமே.

ரிட்லி ஸ்காட்டின் 'ஏலியன்' (1979) டிரெய்லர் இதற்கு நேர் எதிரான வழியில் செல்கிறது. முதலில் அவசரமே இல்லாமல் இருளில் ஒரு முட்டை; அது விரிசல்விட்டு ஒளி கசிந்ததும் வெட்டுகள் சரமாரியாக வருகின்றன. ஓட்டம், முகங்கள், மின்னி அணையும் விளக்குகள் என எந்த ஷாட்டும் முழுமை பெறுவதற்குள் அடுத்தது வந்துவிடுவதால், பார்த்தது என்ன என்று உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. விண்கலத்தில் புகுந்துவிடும் வேற்றுயிரும் தெளிவாகக் கண்ணில் படுவதில்லை. இந்தச் சிதறலை ஒன்றாகத் தைப்பது, அபாயச் சங்குபோல ஊளையிடும் ஒரே ஒலி. வசனம் அறவே இல்லை. இறுதியில் அந்த ஊளையும் ஓய்ந்தபின், விண்வெளியில் நீங்கள் அலறினால் யாருக்கும் கேட்காது என்ற பொருள்படும் வரி தோன்றுகிறது. இன்றைய டிரெய்லர்களில் அமைதி என்பது அடுத்த இடிச்சத்தத்துக்கான முன்னேற்பாடு மட்டுமே. இங்கே அச்சத்தின் பொருளே அமைதிதான். அதே ஸ்காட் இயக்கி 2012இல் வெளியான 'புரொமீதியஸ்' படத்தின் டிரெய்லர் இதைப் போன்ற ஓர் ஊளையை மீண்டும் எடுத்தாண்டதில் வியப்பில்லை.

ஆண்டி முஸ்கியெட்டி இயக்கிய 'இட்' (2017) படத்தின் முதல் டிரெய்லர், வெளியான 24 மணி நேரத்தில் 19.7 கோடி முறை பார்க்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அதில் நான் மதிப்பது ஸ்லைடு புரொஜெக்டர் பகுதியை. சிறுவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும் கருவி தானாக ஓடத் தொடங்குகிறது. ஒவ்வொரு 'கிளிக்' ஒலிக்கும் ஒரு படம் மாறுகிறது. குடும்பப் படமொன்றில் தாயின் முகத்தைத் தலைமுடி மறைத்திருக்க, கிளிக்குகள் வேகமெடுக்கும்போது முடி விலகி, அங்கே சிறுவர்களை வேட்டையாடும் கோமாளியின் முகம் தெரிகிறது. படத்தொகுப்பின் தாளத்தைக் கதைக்குள் இருக்கும் ஒரு பொருளே கொடுத்துவிடுவதால், வெளியிலிருந்து திணிக்கும் இசைக்கு இங்கே வேலையில்லை. மற்றப் பகுதிகள் நேர்த்தியானவைதான், ஆனால் புதியவை அல்ல. தாழ்ந்த அதிர்வொலிகளும் துணுக்குக் காட்சிகளும் எல்லா டிரெய்லர்களிலும் இருப்பவையே.

கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கி தாழ்ந்த ஒலிகளை ஏறத்தாழ விழுங்கிவிடும் என்பதால், குறிப்பாக 'தி ஷைனிங்' டிரெய்லரை இயர்போன் இல்லாமல் பார்ப்பதில் பயனில்லை. மூன்றில் என் முதலிடம் அதற்கே. இரத்தம் பார்க்க மனம் ஒப்பாதவர்கள் 'ஏலியன்' டிரெய்லரிலிருந்து தொடங்கலாம். 'இட்' படத்தை இனிமேல்தான் பார்க்கப் போகிறவர்கள் அதன் டிரெய்லரை ஒதுக்கிவைப்பது நல்லது. படத்தின் சிறந்த அதிர்ச்சிகளில் ஒன்றை அது முன்கூட்டியே செலவழித்துவிடுகிறது. மற்ற இரண்டையும் பற்றி அந்தக் கவலை வேண்டியதில்லை.