ட்ரோன் அளவைக்குக் காசு கொடுக்கும் முன் உயரக் கணக்கைக் கேளுங்கள்

வெள்ளவாய்க்கால் வெட்ட, வயல் மட்டம் பார்க்க, காணி நிரப்ப என்று ட்ரோன் விட்டு வரைபடம் எடுக்க யாழ்ப்பாணத்தில் இப்போது பலர் யோசிக்கிறார்கள். அவர்கள் இதை முழுக்க வாசிக்க வேண்டும். எங்கள் ஊரில் அப்படி எடுத்த வரைபடத்தை நம்பி வெட்டிய வாய்க்காலில் கார்த்திகை மழைத் தண்ணீர் வடியவில்லை. தெற்கே வழுக்கையாற்றுப் பக்கம் ஓட வேண்டிய தண்ணீர் வடக்குப் பக்கத்து வளவுகளில் முழங்கால் அளவுக்கு நின்றது. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சேர்த்து அனுப்பிய காசு அது.

நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. பேச்சு இன்னும் நடக்கிறது. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

விளம்பரத்தில் "மூன்று சென்ரிமீற்றர் துல்லியம்" என்று போட்டிருந்தார்கள். முதலில் வந்த கோப்பில் எங்கள் வயல்களின் உயரம் மைனஸ் 90 மீற்றருக்குப் பக்கத்தில் இருந்தது. கேட்டதற்கு, "சொஃப்ட்வெயர் அப்படித்தான் காட்டும், சரிபண்ணித் தாறம்" என்றார்கள். சில நாளில் மூன்று மீற்றர், நாலு மீற்றர் என்று பார்க்கச் சரியான எண்களோடு புதிய வரைபடம் வந்தது. எப்படிச் சரிசெய்தார்கள் என்று கேட்டோம், பதில் வரவில்லை.

இந்த மைனஸ் எண் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொள்வது முக்கியம். ஜிபிஎஸ் உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து அளப்பதில்லை. பூமிக்குப் பொருத்திய ஒரு வழவழப்பான கணித நீள்கோளத்திலிருந்து அளக்கிறது. தண்ணீருக்கு அந்த நீள்கோளம் தெரியாது, அது புவியீர்ப்பு இழுக்கிற பக்கம் ஓடும். பூமிக்குள் பொருள் எல்லா இடமும் ஒரே செறிவில் இல்லாததால் ஈர்ப்பு இடத்துக்கு இடம் மாறுகிறது. அந்த ஈர்ப்புக்கு ஏற்ப, அசையாத கடல் எப்படி நிற்குமோ அந்த மேற்பரப்பைத்தான் ஜியோயிட் என்கிறார்கள். உலகிலேயே அது மிக ஆழமாகத் தாழ்ந்திருப்பது இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில், நீள்கோளத்திலிருந்து ஏறத்தாழ 106 மீற்றர் கீழே. யாழ்ப்பாணமும் அந்தப் பள்ளத்துக்குள்தான் இருக்கிறது. இங்கே வித்தியாசம் 90 மீற்றருக்கும் மேல். அதனால் மைனஸ் எண் வந்தது பிழை இல்லை. அதை எப்படிக் கடல்மட்ட உயரமாக மாற்றினார்கள் என்பதில்தான் பிழை.

ஊரில் ஓய்வுபெற்ற சேவையர் ஐயா ஒருவர் இருக்கிறார். மழை விட்டதும் லெவல் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ட்ரோனை வடக்குத் துண்டு, தெற்குத் துண்டு என்று இரண்டு தடவை பறக்கவிட்டிருந்தார்கள். அந்த இரண்டு பறப்புகளின் படங்களும் சேர்கிற இடத்தில், மதகுக்கு மேல்பக்கம் வாய்க்கால் அடியில் ஸ்டாஃப் (லெவலால் பார்த்து வாசிக்கிற அளவுகோல்) வைத்தபோது 1.46 மீற்றர். மதகு தாண்டிக் கீழ்ப்பக்கம் 1.20. எண் குறைந்தால் நிலம் உயரம். அதாவது தண்ணீர் 26 சென்ரிமீற்றர் மேலேறினால்தான் தெற்கே போகும். ஐயா சொன்னது ஒன்றுதான்: "தம்பி, இது வெட்டினவன்ர பிழை இல்லை, கணக்குப் போட்டவன்ர பிழை."

அது உண்மை. கொந்தராத்துக்காரர் ஒவ்வொரு முளையிலும் வரைபட அட்டவணை சொன்ன ஆழத்துக்கே வெட்டியிருந்தார். நிறுவனமே தந்த அறிக்கையின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினால் விடை கிடக்கிறது. வடக்குத் துண்டுக்கு, ஜியோயிட் எந்த இடத்தில் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று சொல்லும் இஜிஎம் 2008 என்ற உலக ஈர்ப்பு மாதிரியைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். வேறு நாளில் பறந்த தெற்குத் துண்டுக்கு மாதிரி எதுவும் இல்லை, ஒரே ஒரு எண்ணைக் கையால் கூட்டியிருக்கிறார்கள். அதனால் தெற்கு நிலம் உண்மையைவிடத் தாழ்வாகப் பதிவானது, வெட்ட வேண்டிய ஆழமும் குறைந்துபோனது. நில அளவைத் திணைக்களத்தின் பெஞ்ச்மார்க் (கடல்மட்ட உயரம் அளந்து குறித்த நிலையான அடையாளம்) ஒன்றோடும் எதையும் இணைக்கவில்லை. வரைபடத்தோடு ஒப்பிட நிலத்தில் தனியாக அளக்கும் சரிபார்ப்புப் புள்ளிகள் என்ற இடத்தில் பூச்சியம். "மூன்று சென்ரிமீற்றர்" என்பது கமரா எங்கே நின்றது என்பதற்கான ஜிபிஎஸ் கணக்கு, எங்கள் நிலத்தின் உயரத்துக்கு அல்ல.

மலைநாட்டில் இது கவனிக்கப்படாமலே போயிருக்கலாம். எங்கள் குடாநாடு தட்டையான சுண்ணாம்புக்கல் நிலம். பல வாய்க்கால்களின் முழு இறக்கமே சில பத்துச் சென்ரிமீற்றர்தான். கையால் ஒரே எண்ணைக் கூட்டுவதில் இன்னொரு கேடும் உண்டு. ஜியோயிட் தெற்கே போகப் போக மெதுவாக இறங்குகிறது, ஒரே எண் அந்தச் சாய்வைத் திருத்தாது. தெற்கே ஓடும் நீண்ட வாய்க்காலுக்கு இல்லாத இறக்கம் இருப்பதுபோல் வரைபடம் காட்டும்.

ஆகவே ஒப்பந்தம் எழுதும் முன் உயரத்துக்கு எந்த ஜியோயிட் மாதிரி, எல்லாத் துண்டுகளுக்கும் அதேதானா, எந்த பெஞ்ச்மார்க்கில் கட்டினீர்கள் என்று கேளுங்கள். உலக மாதிரி மட்டும் போதாது. நம் நாட்டுக் கடல்மட்டத்தோடு அது அப்படியே பொருந்தும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பதிவுபெற்ற சேவையர் ஒருவர் தனியாக லெவல் பார்த்த புள்ளிகளோடு ஒப்பிட்ட அட்டவணை கையில் வரும்வரை கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டாம். மூலப் படங்களையும் உங்களுக்கே தர வேண்டும் என்று எழுத்தில் போடுங்கள். எங்களுக்குத் தரவில்லை, "அது கொம்பனிச் சொத்து" என்கிறார்கள். தந்திருந்தால் வேறொருவரிடம் கொடுத்துத் திரும்பக் கணக்கிட்டிருப்போம்.

மதகுக்குத் தெற்கே உள்ள துண்டை அடுத்த மாரிக்கு முன் திரும்ப வெட்ட வேண்டும், அதற்குக் காசு சேர்க்கிறோம். இதே ஆட்கள் இப்போது தென்மராட்சிப் பக்கம் ஒரு வாய்க்கால் வேலைக்குப் பேசுவதாகக் கேள்வி. அங்கே யாராவது இருந்தால் எழுதுங்கள், ஐயாவின் லெவல் குறிப்புகளையும் அந்த அறிக்கைப் பக்கங்களையும் அனுப்புகிறேன்.