குப்பத்து விழாவா, மார்கழி மேடையா?

சென்னையில் மார்கழி என்றால் சபாக்களில் நடக்கும் கர்நாடக இசைக் கச்சேரிதான் என்றிருந்த நிலையை இரண்டு விழாக்கள் அசைத்தன.

ஊரூர் ஆல்காட் குப்பம் விழா 2015-இல் பெசன்ட் நகரை ஒட்டிய மீனவர் ஊரில் தொடங்கியது. கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா, சுற்றுச்சூழல் செயற்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமன் போன்றோர் ஊர்க்காரர்களோடு சேர்ந்து நடத்தினார்கள். கர்நாடக இசை, பரதம், பறை, வில்லுப்பாட்டு எல்லாம் ஒரே மேடையில், டிக்கெட் கிடையாது. பக்கத்திலேயே வாழ்ந்தும் குப்பத்துக்குள் கால் வைக்காதவர்கள் வந்து, ஊராரோடு சேர்ந்து உட்கார்ந்தார்கள். இது சின்ன விஷயமல்ல.

ஆனால் 'உயர்ந்த கலையை ஏழைகளுக்குக் கொண்டுபோகிறார்கள்' என்ற தோற்றம் இதில் எளிதாக ஒட்டிக்கொள்ளும். எனக்கும் இதில் நெருடல் உண்டு.

இரண்டாவது விழாவான 'மார்கழியில் மக்களிசை' வேறு திசை. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் இதை 2020 டிசம்பரில் தொடங்கியது. கானா, ஒப்பாரி, பறை, நாட்டுப்புறப் பாட்டு ஆகியவைதான் இங்கே கச்சேரி. சாவு வீட்டோடு ஒதுக்கப்பட்ட கானாவும் ஒப்பாரியும், சபாக்கள் தமக்கென்று வைத்திருந்த அதே மாதத்தில் விளக்கொளியில் ஒலிக்கின்றன. யாருடைய தயவும் தேவைப்படவில்லை. அழைப்பவரும் பாடுபவரும் அந்தப் பாட்டுகளுக்குச் சொந்தமான மக்களே. சமத்துவம் என்று பார்த்தால் என் ஓட்டு இதற்குத்தான்.

உரையாடலில் மட்டும் குப்பத்து விழா ஒரு படி முன்னே நிற்கிறது. அங்கே சபா ரசிகர் பறையை அருகில் உட்கார்ந்து கேட்டாக வேண்டியிருந்தது. மக்களிசைக்கு அவர் வராமலே இருந்துவிடலாம்.