மதுக்கடையை அகற்ற மறியலா, கிராம சபையா, அளவு நாடாவா?

தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மக்கள்தொகை 20,000க்கு மிகாத உள்ளாட்சிப் பகுதிகளுக்கு அந்தத் தூரம் பின்னர் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. 2017 ஏப்ரலில் தீர்ப்பு நடைமுறைக்கு வந்ததும், சாலையோரத்தில் மூடப்பட்ட டாஸ்மாக் கடைகள் ஊர்களுக்குள் இடம் தேடத் தொடங்கின. அரசலாற்றை ஒட்டிய எங்கள் ஊருக்கும் அப்படித்தான் ஒரு கடை வந்து சேர்ந்தது. அதை அகற்ற மூன்று வழிகளில் நடந்து பார்த்தோம். நான்காவதான நீதிமன்ற வழியைப் பக்கத்து ஊரார் சொல்லத்தான் கேட்டிருக்கிறேன். என் சாய்வு, பள்ளிக்கும் கோயிலுக்கும் 100 மீட்டருக்குள் கடை கூடாது என்ற விதியை அளந்து காட்டும் மனுவின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குடியின் கேட்டை இங்கே விளக்கப் போவதில்லை. நடவு வயலில் உடைந்த பாட்டில் காலைக் கிழித்த பெண்கள் எந்த ஊரிலும் இருக்கிறார்கள். நான் எடைபோட விரும்புவது ஒன்றைத்தான்: மூடிய கடை திரும்பி வருமா, வராதா?

வேகத்தில் மறியலை மிஞ்ச எதுவுமில்லை. கடை திறக்கும் நேரம் பகல் 12 மணி. பெண்கள் 11 மணிக்கே வாசலில் உட்கார்ந்தார்கள், மூன்று மணிக்குள் கதவு பூட்டப்பட்டது. நாற்பது நாள் கழித்து, காவலர் இருவர் நிற்க, அதே கதவு திறந்தது. அன்று கிடைத்தது வாய்மொழி உறுதி மட்டுமே. அதைக் கொடுத்த அதிகாரி மாறுதலாகிப் போனபின், அப்படி ஒரு பேச்சு நடந்ததற்கே சான்று இல்லை. மறியலில் வழக்குப் பதிவானால் பிள்ளைகளின் பாஸ்போர்ட் விசாரணையில் அது வந்து நிற்கும். வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் டெல்டா ஊர்களில் இது சிறிய இழப்பன்று.

அடுத்தது கிராம சபை. 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சியின் வாக்காளர் அனைவரும் அதன் உறுப்பினர்கள். கடை வந்த ஆண்டின் ஆகஸ்ட் 15 அன்று நாங்கள் கடைக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றினோம். உள்ளாட்சித் தேர்தல் நடக்காத காலம் என்பதால், தலைவர் இருக்க வேண்டிய இடத்தில் தனி அலுவலர்தான் இருந்தார். ஊர் முழுவதும் ஒரே குரலில் பேசியது மனத்துக்கு நிறைவாக இருந்தது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் மது மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. ஊராட்சியின் தீர்மானம் தானாகவே ஒரு கடையை மூடிவிடுவதில்லை. மகாராஷ்டிரத்தில் பெண் வாக்காளர்களில் 25 விழுக்காட்டினர் எழுதிக் கேட்டால் வாக்கெடுப்பு நடத்த வேண்டும்; பாதிக்கு மேற்பட்டோர் எதிர்த்து வாக்களித்தால் கடையை மூட வேண்டும். நிமிர்ந்த பாட்டில், சாய்ந்த பாட்டில் என்ற இரண்டு படங்களில் முத்திரை குத்தும் அந்த உரிமை நமக்கு இல்லை. எனவே தீர்மானத்தை ஆதரவு ஆவணமாகக் கருதலாம். ஆணையாகக் கருத முடியாது.

மூன்றாவது வழிக்கு அடிப்படை, 2003ஆம் ஆண்டின் மதுபானச் சில்லறை விற்பனை விதிகள். மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டருக்குள்ளும் பிற பகுதிகளில் 100 மீட்டருக்குள்ளும் கல்வி நிறுவனமோ வழிபாட்டுத் தலமோ இருந்தால் அங்கே கடை வைக்கக் கூடாது என்கிறது 8ஆவது விதி. கடை வந்த பிறகு கட்டப்பட்ட பள்ளிக்கும் கோயிலுக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே மனுவுக்குத் தூரத்தைப் போலவே தேதியும் முக்கியம். எங்கள் தொடக்கப் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டுப் பக்கத்தின் நகல், பத்துப் பக்க முறையீட்டைவிட அதிகம் பேசியது. அய்யனார் கோயிலையும் மனுவில் சேர்த்திருந்தோம். அது அறநிலையத் துறையைச் சேர்ந்ததா என்று கேட்டு ஓரமாக வைத்துவிட்டார்கள்.

தூரத்தை அளப்பதில்தான் உண்மையான சண்டை. கடை வாய்க்காலின் அக்கரையில், பள்ளி இக்கரையில். முதலில் வந்த அறிக்கை, வண்டி போகும் மதகு வழியாகச் சுற்றி அளந்து 130 மீட்டருக்கு மேல் என்று முடித்திருந்தது. அந்த அறிக்கையின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் வாங்கிய பிறகுதான் எங்கே தவறு என்று எங்களுக்கே தெரிந்தது. மறு அளவைக்கு மனுக் கொடுத்தோம். இரண்டாம் முறை வந்த நில அளவர் கடை வாசலில் நின்று, அங்கே நடவுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், பிள்ளைகள் எந்த வழியாகப் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்று கேட்டார். "புள்ளைங்க எல்லாம் இந்த நடப்பாலத்து வழியாத்தான் சார் போவுதுங்க, மதகு சுத்திக்கிட்டு யாரு போவா?" என்றார் அவர். நாடாவை நடைபாலத்தின் மேல் இழுத்தார்கள், 84 மீட்டர். அந்த எண் கோப்பில் ஏறியபின் கடையை மாற்றும் ஆணை எழுத்தில் வந்தது. திரும்ப வராததற்கு அதுதான் காரணம் என்பது என் கணிப்பு. யார் மாறுதலாகி வந்தாலும் கோப்பில் உள்ள 84 மாறாது.

உயர் நீதிமன்றத்தைப் பற்றி நான் அளந்துதான் பேச வேண்டும். தஞ்சாவூர் மாவட்டத்தார் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டத்தார் சென்னைக்குப் போக வேண்டும். ஒரே ஆற்றின் கரையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு ஊர்கள் சேர்ந்து ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொள்ள நினைத்தால் இந்தப் பிரிவு குறுக்கே நிற்கும். விதி தெளிவாக மீறப்பட்டு, மனுவுக்கும் பதில் வராதபோது அங்கே போவதில் பொருள் உண்டு. அப்போதும் அளவை அறிக்கை கையில் இருக்க வேண்டும்.

காரைக்கால் எல்லையில் உள்ள ஊர்களுக்கு இந்தக் கணக்கு எவ்வளவு பொருந்தும் என்பதில் எனக்கு உறுதியில்லை. அங்கே புதுச்சேரியின் கலால் சட்டம் நடக்கிறது. இங்கே ஒரு கடை மூடினால் வண்டி அந்தப் பக்கம் திரும்பும். நகரங்களிலும் எச்சரிக்கை தேவை: வணிகப் பகுதி என்று வகைப்படுத்தப்பட்ட இடங்களுக்குத் தூர விதி பொருந்தாது.

எங்கள் கடை ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, அடுத்த ஊராட்சியின் வயல் சாலைக்குப் போனது. அந்த ஊர்ப் பெண்கள் நான்கு பேர் எங்கள் மனுவின் நகலைக் கேட்டு வந்தார்கள். ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தோம். ஆனால் அந்தக் கடையைச் சுற்றி 100 மீட்டருக்குள் இருப்பது வயலும் ஒரு மோட்டார் கொட்டகையும்தான். அவர்கள் இப்போது கிராம சபைக்குக் கையெழுத்துத் திரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.