இழுவைக் கப்பல்களைப் படமெடுக்க 100–400 மி.மீ. ஜூம் லென்ஸ்: இரண்டு ஆண்டு அனுபவம்

துறைமுகத்தில் பெரிய கப்பல்களை இழுத்தும் தள்ளியும் நகர்த்தும் இழுவைக் கப்பல்களைப் படமெடுப்பதற்கென்றே 100–400 மி.மீ. ஜூம் லென்ஸ் ஒன்றை வாங்கி, ஃபுல் ஃபிரேம் (36 மி.மீ. அகல உணரி கொண்ட) கேமராவில் பொருத்தி, இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். பறவைகளுக்கும் விளையாட்டுக்கும் இவ்வகை லென்ஸ் எப்படிப் பயன்படும் என்பதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். இழுவைக் கப்பலுக்கு அது எந்த அளவுக்கு உழைக்கிறது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கப்பல், துறைமுகப் பாதுகாப்புக்கான பன்னாட்டு விதித்தொகுப்பு 2004 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பிறகு, கப்பல் அணையும் மேடைவரை வெளியார் சென்று நிற்பது அரிதாகிவிட்டது. அலைதடுப்புச் சுவரிலிருந்தோ எதிர்க்கரையிலிருந்தோதான் பார்க்க வேண்டும் என்பதால் நீண்ட குவியத்தூரம் அவசியமாகிறது. அரை கிலோமீட்டர் தொலைவில் 400 மி.மீ. வைத்தால் சட்டத்துக்குள் ஏறத்தாழ 45 மீட்டர் அகலம் விழும். துறைமுக இழுவைக் கப்பல்கள் பெரும்பாலும் 25 முதல் 32 மீட்டர் நீளமுள்ளவை என்பதால், முன்னும் பின்னும் தண்ணீருக்கு இடம் விட்டு ஒரு கப்பல் கச்சிதமாக அமர்கிறது.

ஆனாலும் இந்த லென்ஸை நான் மெச்சுவது 400க்காக அல்ல, 100க்காக. இழுவைக் கப்பலைத் தனியாக எடுத்தால் அது ஒரு படகு. முந்நூறு மீட்டர் நீளமுள்ள சரக்குக் கப்பலின் பக்கச்சுவரோடு சேர்த்து எடுத்தால்தான் அதன் வேலை என்னவென்று புரிகிறது. ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்று 100 மி.மீ.யில் பார்க்கும்போது அந்தப் பெரிய கப்பல் முழுதும் சட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. பெரிய கப்பலிலிருந்து மெல்லிய எறிகயிறு இறங்குவதையும், இழுவைக் கப்பலின் முன்தளத்தில் நிற்பவர் அதைப் பிடித்துத் தடித்த இழுகயிற்றின் முனையோடு முடிச்சிடுவதையும், அந்தக் கயிறு மேலே ஏறி இரும்புக் குற்றியில் மாட்டப்படுவதையும் 400க்குத் தாவி எடுத்துவிட்டு, கயிறு விறைத்து அதில் ஊறிய நீர் பொடித்துளிகளாகத் தெறிக்கும் கணத்துக்குள் மீண்டும் 100க்குத் திரும்ப முடிகிறது. நிலையான குவியத்தூரம் கொண்ட 400 மி.மீ. லென்ஸோடு இதற்கு முன் நான் நின்ற நாட்களில், இந்த இரண்டில் ஒன்றையே எடுக்க முடிந்தது.

வழக்கமாகக் கப்பலைப் படமெடுக்கும்போது முகப்புக்கு முன்னால் இடம் விடுவோம். இழுவைக் கப்பலுக்கு அந்தப் பழக்கம் பொருந்தாது. அடியில் 360 பாகையும் திரும்பும் உந்திகளைக் கொண்டோ, செங்குத்தான அலகுகள் சுழலும் வோய்த் ஷ்னைடர் உந்திகளைக் கொண்டோ இயங்குகிற இன்றைய கப்பல்கள் பின்னோக்கியும் பக்கவாட்டிலும் சரளமாக நகர்கின்றன. எனவே நான் முகப்பைப் பார்ப்பதில்லை, நுரையைப் பார்க்கிறேன். உந்தி எந்தப் பக்கம் நீரைத் தள்ளுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாகத்தான் கப்பல் விசை கொடுக்கிறது. திரை வேகம் நொடியில் 800இல் ஒரு பங்கு என்றால் அந்த நுரையின் துளிகள் உறைந்து நிற்கின்றன. 125இல் ஒரு பங்குக்குக் குறைத்தால் நீர் இழுபட்டு ஓடுவது தெரிகிறது. நடுக்கத்தைத் தணிக்கும் வசதி நன்றாக வேலை செய்வதால் இரண்டாவதையும் முக்காலி இல்லாமல் எடுக்க முடிகிறது.

குறைகளும் உண்டு. தானியங்கிக் குவியம் தாழ்வாக நிற்கும் சிறு கப்பலை விட்டுவிட்டு, பின்னால் பெரிய கப்பலில் தீட்டியிருக்கும் எழுத்துகளைப் பிடித்துக்கொள்கிறது; ஒற்றைப் புள்ளியை மாலுமியறையின் சன்னல் விளிம்பில் வைத்தால் மட்டுமே சொன்னபடி கேட்கிறது. கறுத்த கப்பல் பக்கத்துக்கு முன்னால் வெள்ளை மாலுமியறை வரும்போது வெள்ளை வெளுத்துப்போகும் என்பதால், ஒளியளவை மூன்றில் இரண்டு படி குறைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு லென்ஸைக் குறை சொல்ல முடியாது. காற்றுக்கும் நீருக்கும் வெப்பநிலை வேறுபடும் வேளைகளில் கானல் எழுந்து, ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள எதையும் 400 மி.மீ.யில் கூர்மையாக எடுக்க விடாது. புகைபோக்கியிலிருந்து வரும் சூட்டிலேயே பின்னாலிருக்கும் கப்பலின் பெயர் நெளிவதைக் கவனித்திருக்கிறேன். ஜூம் செய்யும்போது நீளும் குழலில் உப்பு படிவது இன்னொரு தொல்லை. நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்த பிறகே குழலை உள்ளே தள்ள வேண்டும். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புப் பரல்கள் கீறிவிடும். ஒன்றரைக் கிலோவை ஒட்டிய எடை இரண்டு மணி நேரத்துக்குப் பின் தோளில் தெரிகிறது.

ஆற்றுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே இழுப்பதைவிடத் தள்ளுவதே வழக்கம். ஐரோப்பாவின் ரைன் ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஒரே தள்ளுகப்பல் ஆறு சரக்குத் தெப்பங்கள்வரை பிணைத்துத் தள்ளிச்செல்லும். கரையோரமாக வரும் அந்த அணியை முழுதாக எடுக்க 100 மி.மீ. மிகவும் குறுகலானது, 24–70 மி.மீ. லென்ஸ் போதும்.

பொழுது சாய்ந்தபின் 400 மி.மீ.யில் எஃப் 5.6 என்ற துளை போதாது. கடலிலிருந்து எதையாவது இழுத்துக்கொண்டு கப்பல் வரும்போது அந்தக் குறை உறுத்தும், ஆனாலும் நான் லென்ஸைக் கண்ணிலிருந்து இறக்குவதில்லை. கொடிமரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வெள்ளை விளக்குகளா மூன்றா என்று அதில் எண்ண முடிகிறது. மூன்று என்றால் இழுபடும் தொடர் 200 மீட்டரைத் தாண்டியது என்று பொருள். கப்பல் கடந்துபோனதும் பின்விளக்குக்கு மேலே மஞ்சள் இழுவை விளக்கு தெரியும். அதன் பின்னால், வெகு தொலைவு தள்ளி, இழுபடும் தெப்பத்தின் பச்சை அல்லது சிவப்புப் பக்கவிளக்கு மெல்ல வந்து சேரும்.