என்எஃப்எஸ் தானாக மவுன்ட் ஆக எது நல்லது: எஃப்எஸ்டேபா, சிஸ்டம்டியா, ஆட்டோஎஃப்எஸ்ஸா?

லினக்ஸில் என்எஃப்எஸ் (இன்னொரு சர்வரின் டைரக்டரியை நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்தும் முறை) ஷேர் தானாக மவுன்ட் ஆகவில்லையா, அதாவது நம் கணினியின் டைரக்டரியில் வந்து இணையவில்லையா? முதலில் கையால் மவுன்ட் செய்து பாருங்கள். அதுவும் ஆகவில்லையென்றால் சர்வரில் எக்ஸ்போர்ட் அனுமதியையும் (ஷேரை யார் எடுக்கலாம் என்பது) ஃபயர்வாலில் 2049 போர்ட்டையும் கவனியுங்கள். கையால் ஆகிறது, தானாக மட்டும் ஆகவில்லை என்றால்தான் இந்த மூன்றில் எது என்ற கேள்வியே எழுகிறது.

எதை எங்கே மவுன்ட் செய்வது என்ற பட்டியல் உள்ள எஃப்எஸ்டேப் கோப்பில் வெறும் வரி எழுதுவது எளிது. ஆனால் பூட் ஆகும்போது சர்வர் கிடைக்காவிட்டால் மவுன்ட் விழுந்துவிடும். பிறகு சர்வர் வந்தாலும் அது தானாக மறுபடி முயலாது. வைஃபையில் ஓடும் லேப்டாப்புக்கு இது ஒத்தே வராது.

அதே வரியில் எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுன்ட் என்று சேர்த்தால், லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி பொறுப்பேற்கும்; யாராவது அந்த டைரக்டரியைத் தொடும்போதுதான் மவுன்ட் நடக்கும். பிழை ஜர்னலில் (சிஸ்டம்டியின் பதிவேடு) தெளிவாக விழும் என்பதற்காகவே நான் பெரும்பாலும் இதைத்தான் சொல்வேன். வரியை மாற்றியதும் அதை சிஸ்டம்டி மறுபடி படிக்க டீமன்-ரீலோட் கட்டளை கொடுத்து, அந்த வரிக்காக சிஸ்டம்டி உருவாக்கும் ஆட்டோமவுன்ட் யூனிட்டையும் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பலர் இங்கேதான் சிக்குகிறார்கள். டைரக்டரி பெயரில் இடைக்கோடு இருந்தால் யூனிட் பெயர் நாம் நினைத்தபடி இருக்காது. சிஸ்டம்டி-எஸ்கேப் கட்டளை சரியான பெயரைத் தரும்.

தேவைப்படும்போது மவுன்ட் செய்யும் தனிச் சேவையான ஆட்டோஎஃப்எஸ்ஸின் பலம் வைல்ட்கார்ட், அதாவது எந்தப் பெயருக்கும் பொருந்தும் குறி. நூற்றுக்கணக்கான பயனர்களின் ஹோம் டைரக்டரிகளுக்கு ஒரே வரி போதும். அதன் மவுன்ட் பட்டியலான மேப்பை, பயனர் விவரங்களை மையமாக வைக்கும் எல்டாப்பிலிருந்தும் எடுக்கலாம். சிஸ்டம்டியால் இது முடியாது. ஆனால் கோளாறு தேடுபவரை ஆட்டோஎஃப்எஸ் அலைக்கழிக்கும். இன்டைரக்ட் மேப்பில் (ஒரே டைரக்டரிக்குள் பல மவுன்ட்கள் வரும் வகை) உள்ளடக்கத்தைப் பார்க்க எல்எஸ் அடித்தால் டைரக்டரி காலியாகத் தெரிவது பழுதல்ல. உள்ளே உள்ள பெயரைக் குறிப்பிட்டு நுழைந்தால்தான் மவுன்ட் ஆகும். அதைவிடக் குழப்புவது, ஒருமுறை தோற்ற மவுன்ட்டை அது இயல்பாக 60 விநாடி நினைவில் வைத்திருப்பது. சர்வரைச் சரிசெய்த கையோடு சோதித்தாலும் பழைய தோல்வியே வரும். சரியாக இருந்த அமைப்பை மறுபடி கலைக்காமல் கொஞ்சம் பொறுங்கள். அதன் பிறகும் ஆகவில்லையென்றால், சேவையை நிறுத்திவிட்டு ஆட்டோமவுன்ட் கட்டளையை டீபக் நிலையில், பின்னணிக்குப் போகாமல் டெர்மினலிலேயே ஓட்டிப் பார்த்தால் காரணம் திரையிலேயே தெரியும்.

மவுன்ட் ஆன பின் சர்வர் போய்விட்டால் மூன்றிலும் டிஎஃப் (வட்டு இடத்தைக் காட்டும் கட்டளை) உறைந்து நிற்கும், ஏனெனில் என்எஃப்எஸ்ஸின் இயல்பு ஹார்ட் மவுன்ட், அதாவது சர்வர் பதில் தரும்வரை காத்தே நிற்பது. சில முயற்சிக்குப் பின் பிழை தந்து கைவிடும் சாஃப்ட் ஆக்கினால் தீரும் என்பார்கள். எழுதும் ஷேரில் தரவு கெடும் ஆபத்து உண்டு, செய்யாதீர்கள். சும்மா இருக்கும் மவுன்ட்டைக் கழற்றும் நேரத்தைக் குறைத்து வையுங்கள். சிஸ்டம்டியில் அந்த வசதி நாம் கேட்காதவரை அணைந்தே இருக்கும்.