சப்வூஃபரை மாற்றச் சொல்பவரிடம் முதலில் ரிசீவரின் மெனுவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்

ஐந்து ஸ்பீக்கர்களும், தாழ்ந்த ஒலிகளுக்கென்றே உள்ள ஒரு சப்வூஃபரும் கொண்ட ஹோம் தியேட்டரை என் வீட்டில் பொருத்தித் தந்தவர், பேஸ் (தாழ்ந்த ஒலி) போதவில்லை என்று நான் முறையிட்டபோது, ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ரிசீவரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், சப்வூஃபர் சிறியது என்று சொல்லி, அதைவிடப் பெரியதொன்றை வாங்க வைத்தார். அதை மாட்டிய பிறகும் பாடல்களில் எந்த மாற்றமும் தெரியவில்லை. இரண்டு சானல்கள் மட்டுமே கொண்ட ஸ்டீரியோ பாடல் ஒன்றை ஓடவிட்டு, புதிய சப்வூஃபரின் பெட்டிமேல் கை வைத்துப் பார்த்தேன். சிறு அதிர்வுகூட இல்லை.

பிறகு நானே மெனுவைத் திறந்தேன். ஐந்து ஸ்பீக்கர்களும் 'லார்ஜ்' என்று வைக்கப்பட்டிருந்தன. இந்தச் சொல் ஸ்பீக்கரின் உருவத்தைக் குறிப்பதன்று. தாழ்ந்த அதிர்வெண்களை அந்த ஸ்பீக்கருக்கே அனுப்புவதா, சப்வூஃபருக்குத் திருப்பிவிடுவதா என்பதையே குறிக்கிறது. எல்லாம் லார்ஜ் என்றால், பொதுவாக சப்வூஃபருக்கு, படங்களின் தாழ்ந்த அதிர்வொலிகளுக்கெனத் தனியாகப் பதிவாகும் எல்.எஃப்.இ. சானல் மட்டுமே செல்லும். 5.1 என்பதில் .1 என்று குறிக்கப்படும் அந்தச் சானல் ஸ்டீரியோ பாடலில் கிடையாது. ஆகவே எவ்வளவு பெரிய சப்வூஃபரை வாங்கினாலும் அது ஊமையாகத்தான் இருக்கும்.

இதைவிட என்னை வருத்தியது, பக்கத்திலிருந்து ஒலிக்கும் சரவுண்ட் ஸ்பீக்கர் ஒன்றுக்கு நேர்ந்த கதி. அதில் தாழ்ந்த ஒலியைத் தரும் வூஃபர் 4 அங்குலம். அதே ஒலியளவில் அதிர்வெண் பாதியாகக் குறையும்போது கோன் (ஒலி எழுப்பும் கூம்பு) நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டியிருப்பதால், 40 ஹெர்ட்ஸ் ஒலியை அதன்மீது சுமத்துவது அதைச் சித்திரவதை செய்வதற்கு ஒப்பாகும். ஒரு சண்டைக் காட்சியில் அது கரகரக்கத் தொடங்கி, அன்றிலிருந்து அதன் வாய்ஸ் காயில் (கோனை அசைக்கும் கம்பிச்சுருள்) உரசிக்கொண்டே இருக்கிறது. அதையும் அவர் தயாரிப்புக் குறை என்றே சொன்னார்.

மைக் வைத்து ஸ்பீக்கர்களை அளக்கும் ரிசீவரின் தானியங்கி முறையே சில நேரங்களில் லார்ஜ் என்று முடிவு தருவதுண்டு. அதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த முடிவைச் சரிபார்ப்பதற்கும் சேர்த்துத்தானே அவருக்குக் கூலி கொடுத்தோம்!

எல்லா ஸ்பீக்கர்களையும் 'ஸ்மால்' ஆக்கி, டி.எச்.எக்ஸ். என்ற ஒலித்தர நிறுவனம் பரிந்துரைக்கும் 80 ஹெர்ட்ஸில் கிராஸ்ஓவரை, அதாவது அதற்குக் கீழான ஒலி சப்வூஃபருக்குப் போகும் எல்லையை, வைத்தேன். மிகச் சிறிய ஸ்பீக்கர்களுக்கு 100 அல்லது 120 தேவைப்படலாம். எல்.எஃப்.இ.க்கான வரம்பு 120 ஹெர்ட்ஸிலேயே இருக்கட்டும். மீண்டும் மாட்டிய பழைய சப்வூஃபரின் பின்புறத்தில் இருந்த கிராஸ்ஓவர் குமிழை அவர் 60-இல் நிறுத்தியிருந்தார். அதை அப்படியே விட்டிருந்தால் 60-க்கும் 80-க்கும் இடைப்பட்ட ஒலி இரு பக்கமும் இல்லாமல் தேய்ந்துபோயிருக்கும் என்பதால், கடைசி வரை திருகிவிட்டேன். பழைய சப்வூஃபரே அறை முழுவதும் நிறைந்து ஒலித்தது.

புதியதைத் திரும்பப் பெற அவர் மறுத்துவிட்டார், பெட்டியைப் பிரித்துவிட்டோமாம். உங்களிடமும் யாரேனும் பெரிய சப்வூஃபர் வேண்டும் என்றால், ஸ்டீரியோ பாடல் ஒன்றைப் போட்டு, அந்த மெனு பக்கத்தை உங்கள் கண்முன் திறந்து காட்டிய பிறகே பணத்தைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள்.