கூகுள் ஷீட்ஸ் சார்ட்: அபார்ட்மென்ட் கணக்குக்கு தாராளமா போதும்

அசோசியேஷன் கணக்கு என் தலைல விழுந்ததுல இருந்து கூகுள் ஷீட்ஸ்ல தான் சார்ட் போட்டு வாட்ஸ்அப் குரூப்ல தட்டி விடுறேன். காசு கிடையாது, ஜிமெயில் இருந்தா போதும், டேட்டாவ செலக்ட் பண்ணி இன்செர்ட்ல சார்ட்ட அமுக்குனா அதுவே ஒண்ண போட்டுக் குடுத்துரும். அத அப்டியே எடுத்துக்காம பக்கத்துல வர்ற எடிட்டர்ல கஸ்டமைஸ் டேப்புக்கு போங்க, வேலையே அங்க தான் இருக்கு.

எல்லாரும் கேக்குறது பை சார்ட். 1801ல வில்லியம் பிளேஃபேர் போட்டது, இன்னும் மவுசு குறையல. மூணு நாலு துண்டுன்னா சரி, ஆனா செக்யூரிட்டி சம்பளம், தண்ணி லாரி, லிஃப்ட் ஏஎம்சி (வருஷ பராமரிப்பு காண்ட்ராக்ட்), டீசல், ஹவுஸ்கீப்பிங்னு பத்து ஐட்டம் வந்தா எது பெருசுன்னே புரியாது. த்ரீடி ஆப்ஷன் வேற வச்சிருக்காங்க, தயவுசெஞ்சு தொடாதீங்க, முன்னாடி இருக்குற துண்டு இருக்கறத விட பெருசா தெரியும்.

என் ஓட்டு படுக்கை பார் சார்ட்டுக்கு தான். நிக்கிற காலம் (column) சார்ட்ல நீளமான பேரெல்லாம் சாஞ்சு போய் கழுத்த திருப்பி படிக்கணும், இதுல நேரா இருக்கும், முன்னாடியே பெருசுல இருந்து சிறுசுன்னு வரிசைப்படுத்திட்டா பாத்த உடனே வெளங்கிரும்.

மாசா மாசம் தண்ணி லாரி செலவு ஏறுறத காட்ட லைன் சார்ட். இபி பில் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா தான, வருஷத்துக்கு ஆறு நம்பர், அதுக்கு காலம் (column) சார்ட்டே போதும். ஆனா வெர்டிகல் ஆக்ஸிஸ்ல Min (குறைஞ்சபட்சம்)னு இருக்குற கட்டத்துல 0 போட்ருங்க. 40,000ல இருந்து ஆரம்பிச்சா 44,000 ரூபா பில்லு 42,000 பில்லோட டபுள் உசரத்துக்கு நிக்கும், அப்புறம் மீட்டிங்ல செக்ரட்டரிய உண்டு இல்லன்னு பண்ணிருவாங்க.

எனக்கு ரொம்ப புடிச்சது ஸ்பார்க்லைன் ஃபார்முலா. ஒவ்வொரு செலவுக்கும் பக்கத்து செல்லுக்குள்ளயே குட்டியா ஒரு கோடு வந்துரும், தனி சார்ட்டே வேணாம்.

போன் ஆப்ல எல்லா செட்டிங்கும் வராது, லேப்டாப்ல உக்காருங்க. நம்பரெல்லாம் எப்டி பரவிக் கெடக்குன்னு காட்டுற பாக்ஸ் பிளாட் ஷீட்ஸ்ல கிடையாது, அது தேவப்படுற காலேஜ் பசங்க எக்ஸல் 2016 இல்லன்னா அதுக்கப்புறம் வந்தது பக்கம் போய்ரலாம். முடிச்சதும் பிஎன்ஜி படமா டவுன்லோட் பண்ணி அனுப்புங்க, ஸ்க்ரீன்ஷாட் எடுத்தா எழுத்தெல்லாம் மங்கலாம்.